ப்ளே தெரபியும் லீடர்ஷிப்பும் சேர்ந்த கோர்ஸ்: காசு கட்டறதுக்கு முன்னாடி

கேள்வி: செங்காங் டீச்சர், 3 மார்ச், இரவு 10.40

பாலர் பள்ளியில ரொம்ப வருஷமா டீச்சர், இப்ப சீனியர். சென்டர்ல ப்ளே தெரபியும் (விளையாட்டு வழியா பிள்ளைங்க மனசுக்குக் குடுக்கற சிகிச்சை) லீடர்ஷிப்பும் சேர்த்து ஒரு ட்ரெய்னிங் வருது போறியான்னு கேக்கறாங்க. பாதி காசு அவங்க, பாதி நான். முடிச்சா சர்ட்டிஃபிகேட், அப்புறம் எங்க சென்டர்லயே ஒரு ரூம் போட்டு நான் லீட் பண்ணலாமாம். முடிச்சதும் என்னை ப்ளே தெரபிஸ்ட்னு சொல்லிக்கலாமா? அப்புறம் லீடர்ஷிப் எதுக்கு இதுக்குள்ள வருது, ரெண்டும் ரெண்டு விஷயம்தானே? பண்ணவங்க யாராவது சொல்லுங்க.

3 மார்ச், இரவு 11.35

சொல்லிக்க முடியாது. இதை முதல்ல சொல்லிடறேன், மத்தது அப்புறம்.

நான் குடும்பச் சேவை பக்கம் வேலை பாக்கறேன். சோஷியல் வொர்க்கரா ஆரம்பிச்சு, கவுன்சலிங்ல மாஸ்டர்ஸ் பண்ணி, அதுக்கப்புறம்தான் ப்ளே தெரபி படிச்சேன், இப்ப ஒரு சின்ன டீமையும் பாத்துக்கறேன். அதனால நீங்க கேட்ட ரெண்டு பக்கமும் எனக்குத் தெரிஞ்ச பக்கம்தான்.

சட்டம் உங்களைத் தடுக்காது, அதுதான் பிரச்சினையே. இங்க சிங்கப்பூர்ல ஆக்குபேஷனல் தெரபி, பிசியோதெரபி, ஸ்பீச் தெரபி மூணுக்கும் 2011ல போட்ட சட்டம் இருக்கு, பதிவு பண்ணாம அந்தப் பேர்ல வேலை பாக்க முடியாது. ப்ளே தெரபிஸ்ட் அந்தச் சட்டத்துல இல்ல. கவுன்சலருக்கே இங்க பதிவுங்கறது அவங்கவங்க சங்கத்துல விரும்பிப் போய் பண்றதுதான், கட்டாயம் இல்ல. அப்போ வாசல்ல யார் வேணா போர்டு மாட்டலாம், பெத்தவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. நம்மளை நாமதான் கட்டுப்படுத்திக்கணும், வேற யாரும் வரமாட்டாங்க.

5 மார்ச், காலை

எவ்ளோ படிச்சா தெரபிஸ்ட்னு நேத்து ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. அமெரிக்காவுல 1982ல சார்ல்ஸ் ஷேஃபரும் கெவின் ஓ'கானரும் ஆரம்பிச்ச அசோசியேஷன் ஃபார் ப்ளே தெரபின்னு ஒரு சங்கம் இருக்கு, அவங்க கணக்கைப் பாத்தா ஒரு அளவு புரியும். முதல்ல மனநலத் துறையில மாஸ்டர்ஸும் லைசன்ஸும் இருக்கணும். அதுக்கு மேல ப்ளே தெரபி பாடம் மட்டும் 150 மணி நேரம், பிள்ளைங்களோட நேரடியா 350 மணி நேரம், அந்த 350 நடக்கும்போதே கூடவே 35 மணி நேரம் சூப்பர்விஷன். அது அந்த ஊர் லைசன்ஸ் வெச்சிருக்கறவங்களுக்குப் போட்ட கணக்கு, நமக்கு அப்படியே பொருந்தாது, பிரிட்டன்ல வேற கணக்கு. ஆனா எந்த ஊர் கணக்கை எடுத்தாலும் உள்ள மூணு விஷயம் இருக்கும்: அடிப்படைப் படிப்பு, பிள்ளைங்களோட மணிக்கணக்கு, அந்த மணிக்கணக்கை ஒருத்தர் கூட உக்காந்து பாத்தது. உங்களுக்கு வந்த ட்ரெய்னிங் ப்ரோஷர்ல மூணாவது இருக்கான்னு பாருங்க. முதல் ரெண்டைப் பத்தி கொஞ்சம் பேசியிருப்பாங்க, மூணாவதுக்கு பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது.

பிடிடி (டிரைவிங் லைசன்ஸுக்கான முதல் தியரி பரீட்சை) பாஸ் பண்ணவங்க ரோட்டு விதி எல்லாம் தெரிஞ்சவங்கதான், ஆனா அன்னிக்கே டாக்ஸி எடுத்துட்டு ஆள் ஏத்த முடியாது இல்லையா, அந்த மாதிரிதான் இது.

5 மார்ச், மதியம்

ஒண்ணு விட்டுட்டேன். நீங்க டீச்சர். உங்க கிளாஸ் பிள்ளைக்கு நீங்களே தெரபிஸ்டா இருக்க முடியாது, எவ்ளோ படிச்சாலும். காலையில "ஷூ போடு, வரிசையில நில்லு"ன்னு சொன்ன அதே ஆள்கிட்ட மதியம் ரூமுக்குள்ள போய் எதை வேணா காட்டலாம்னா பிள்ளை குழம்பும். பிள்ளை ரூம்ல டீச்சர் பொம்மையை மணலுக்குள்ள புதைச்சா, பரவால்லன்னு நீங்க உக்காந்திருக்கணும், அந்த டீச்சரே நீங்கதான்னா? உங்க சென்டர்ல இதை யோசிச்சாங்களான்னு கேளுங்க.

டீச்சர்களுக்குன்னே வேற ஒரு வழி இருக்கு, சைல்ட் டீச்சர் ரிலேஷன்ஷிப் ட்ரெய்னிங்னு சொல்வாங்க. தெரபிஸ்ட் ஆக்கறது நோக்கம் இல்ல, தெரபிஸ்ட் பேசற விதத்தை கிளாஸ்ரூமுக்குக் கொண்டு வர்றதுதான். உங்களுக்கு அதுதான் சரின்னு தோணுது.

8 மார்ச், இரவு

"ட்ரெய்னிங்ல அப்படி என்னதான் சொல்லித் தர்றாங்க, பிள்ளையோட விளையாடத் தெரியாதா நமக்கு"ன்னு கேட்டிருக்காங்க. நியாயமான கேள்வி. கொஞ்சம் விரிவா எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல் அதிர்ச்சி, வாயை மாத்தணும். நாம பிள்ளைகிட்ட பேசறது பூரா கேள்விதான். என்ன வரையறே, இது யாரு, ஏன் கறுப்பு கலர், ஸ்கூல்ல என்ன நடந்துச்சு. ரூமுக்குள்ள கேள்வி கிடையாது. பாக்கறதை சொல்லணும், அவ்ளோதான். "அதை அங்க வெச்சே. இப்ப மேல இன்னொண்ணு." பிள்ளை என்ன பண்ணுதோ அதை நாம கவனிக்கறோம்ங்கறது அதுக்குப் புரியணும், ஆனா நாம வழிநடத்தக் கூடாது. அந்தப் பொருளுக்குப் பேர்கூட நாமா வைக்கக் கூடாது, அது கார்னு நாம நினைப்போம், பிள்ளைக்கு அது அப்பாவோட செருப்பா இருக்கும்.

ரெண்டாவது, பாராட்டை நிறுத்தணும். "வாவ், அழகா இருக்கே"ன்னு சொன்னா அடுத்த படம் உங்களுக்காக வரையும். அதுக்குப் பதிலா "ரொம்ப நேரம் உக்காந்து அதை முடிச்சே." நம்ம ஊர் பிள்ளைங்களுக்கு இது ரொம்ப முக்கியம்னு நினைக்கறேன், ஸ்டிக்கர், ஸ்டார், மார்க்குன்னு பி1க்கு (முதல் வகுப்புக்கு) முன்னாடியே பழகிடுதுங்க. ஒரு பொண்ணு படத்தை நீட்டிட்டு என் முகத்தையே பாத்துட்டு நின்னா, நான் படத்துல இருக்கறதை மட்டும் சொன்னேன், அவ காத்துட்டே இருந்தா, மார்க் வரலைன்னதும் திரும்பிப் போய் அதே பேப்பர்ல பழுப்பு பெயின்டைக் கொட்டி ரெண்டு கையாலயும் தேச்சா. அதுக்கப்புறம் அவ என்னைத் திரும்பிப் பாக்கல, அன்னிக்குத்தான் அவளுக்காக விளையாட ஆரம்பிச்சா. (பிள்ளைங்க விவரம் எல்லாம் மாத்திதான் எழுதறேன், இங்க மட்டும் இல்ல, எங்கயும்.)

மூணாவது, எல்லை போடறது. எது வேணா பண்ணலாம்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அப்படி இல்ல. கேரி லாண்ட்ரெத்னு வட டெக்சஸ் பல்கலைக்கழகத்துல இதை வளர்த்தவர், அவர் சொல்லித் தந்த முறை மூணு படி. உணர்ச்சியை முதல்ல சொல்லணும், அப்புறம் எல்லையை, அப்புறம் மாத்து வழியை. தமிழ்ல சொன்னா இப்படி வரும்: "உனக்கு என் மேல செம கோவம், அடிக்கணும் போல இருக்கு. நான் அடிக்கறதுக்கு இல்ல. அந்தப் பெரிய பொம்மையை அடிக்கலாம்." கேக்க சுலபமா இருக்கும். மரக்கட்டை கையில வெச்சுட்டு ஆறு வயசுப் பையன் உங்க நெத்திக்கு நேரா ஓங்கும்போது, குரல் ஏறாம, பின்னாடி போகாம, கோவத்தை முதல் வாக்கியமா சொல்ல வரணும். வராது. நமக்கு முதல்ல வாயில வர்றது "ஏய்!"தான். அதுக்குத்தான் 350 மணி நேரம்.

இதுக்கெல்லாம் அஸ்திவாரம் வர்ஜீனியா ஆக்ஸ்லைன். கார்ல் ராஜர்ஸ் பெரியவங்களுக்கு சொன்னதை பிள்ளைங்களுக்குக் கொண்டு வந்தவங்க, 1947லயே எட்டு கொள்கை எழுதி வெச்சாங்க. அதுல ஒண்ணு தெரபியை அவசரப்படுத்தக் கூடாதுங்கறது. எங்க டீம்ல புதுசா வர்றவங்களுக்கு நான் அந்த ஒண்ணைத்தான் முதல்ல சொல்வேன், மத்த ஏழும் அதுல இருந்து வந்துடும்.

9 மார்ச்

"எங்க பாட்டி எங்களோட பல்லாங்குழி ஆடினாங்க, அவங்களுக்கு யார் ட்ரெய்னிங் குடுத்தாங்க"ன்னு எழுதினவருக்கு.

உங்க பாட்டி குடுத்தது உண்மையிலேயே பெருசு, அதை நான் குறைச்சு சொல்ல மாட்டேன். சொல்லப்போனா இந்தத் துறையே அந்தப் பக்கம்தான் திரும்புது. 1960கள்ல பெர்னார்ட் கெர்னியும் லூயிஸ் கெர்னியும் பெத்தவங்களுக்கே இதை சொல்லித் தர ஆரம்பிச்சாங்க, ஃபிலியல் தெரபின்னு பேர். லாண்ட்ரெத் அதை 10 செஷனா சுருக்கினார். அம்மாவோ அப்பாவோ வாரத்துக்கு 30 நிமிஷம், போன் இல்லாம, ஒரே ஒரு பிள்ளையோட, வெச்ச இடத்துல, வெச்ச நேரத்துல. அதை வீடியோ எடுத்துட்டு வந்து குரூப்ல பாப்பாங்க.

2005ல சூ பிராட்டனும் கூட இருந்தவங்களும் 93 ஆய்வைச் சேர்த்துப் பாத்தாங்க. மொத்த எஃபெக்ட் சைஸ் (எவ்ளோ மாற்றம் வந்துச்சுங்கற அளவு) 0.80, பெத்தவங்க ட்ரெய்னிங் எடுத்து பண்ணதுல மட்டும் பாத்தா 1.15. 0.8ன்னாலே பெரிய மாற்றம்னு எடுத்துக்குவாங்க. அதனால பாட்டியை ரூமை விட்டு வெளிய அனுப்பாதீங்கன்னுதான் நானும் சொல்றேன். நம்ம வீடுகள்ல அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிட்டா பிள்ளையோட இருக்கறது பாட்டியும் வேலைக்கு இருக்கற அக்காவும்தான், ஃபிலியல் குரூப்புக்கு அவங்களையும் கூப்பிடணும்னு நான் ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்கேன்.

9 மார்ச், கொஞ்ச நேரம் கழிச்சு

மேல போட்ட நம்பரை மட்டும் பாத்துட்டு யாரும் ஓடாதீங்க. அந்த 93ல பழைய ஆய்வு நிறைய, சின்ன குரூப், ஒழுங்கு பத்தலன்னு விமர்சனம் வந்துச்சு. 2015ல லின்னும் பிராட்டனும் பிள்ளையை மையமா வெச்ச முறையை மட்டும் எடுத்து 52 ஆய்வைப் பாத்தப்போ 0.47. மிதமான அளவு. எனக்கு இந்த ரெண்டாவது நம்பர்தான் நம்பிக்கையா இருக்கு, நான் ரூம்ல பாக்கறதுக்கு அது கிட்ட வருது. சில பிள்ளைங்க நல்லா மாறும், சில பிள்ளைங்க கொஞ்சம், சிலருக்கு வேற உதவி வேணும். பேச்சு வரல, கண்ணைப் பாக்கல, வளர்ச்சியில சந்தேகம்னா முதல்ல பாலிகிளினிக் போய் கேகே ஆஸ்பத்திரிக்கோ என்யூஎச் ஆஸ்பத்திரிக்கோ ரெஃபரல் வாங்குங்க, ப்ளே தெரபிக்காகக் காத்திருக்காதீங்க.

12 மார்ச், ரொம்ப லேட்

இப்ப லீடர்ஷிப். இதை எழுத தள்ளிப் போட்டுட்டே இருந்தேன், ஏன்னா எனக்கு இதுல கோவம் இருக்கு.

முன்னாடி ஒரு இடத்துல, பேர் வேணாம், வாரம் ஒரு நாள் போய் செஷன் பண்ணேன். ரூம் இருக்குன்னு சொன்னாங்க, இருந்துச்சு. அலமாரியில எது எங்கன்னு நான் ஒழுங்கா வெச்சிருந்தேன், குடும்ப பொம்மை மேல, டாக்டர் செட்டும் ஆம்புலன்ஸும் நடுத்தட்டுல இடது பக்கம், கோவத்தைக் காட்டறதுக்கான சாமான் கீழ. ஒரு பையன் ஒவ்வொரு வாரமும் வந்ததும் அந்த ஆம்புலன்ஸைத்தான் எடுப்பான். ஒரு பொம்மையை ஏத்துவான், கதவு வரைக்கும் ஓட்டுவான், திரும்பக் கொண்டு வந்து படுக்க வைப்பான். வீட்டுல யாரு ஆஸ்பத்திரிக்குப் போயி திரும்பி வரலைன்னு எனக்குத் தெரியும், அவன் சொல்லல, நானும் கேக்கல.

தீபாவளிக்கு முந்தின வாரம் போறேன், ரூம் பூரா அன்பளிப்புப் பை, அட்டைப்பெட்டி, அரிசி மூட்டை. பொம்மை வீடு சுவத்தைப் பாத்துத் திரும்பி நிக்குது. ஆம்புலன்ஸ் இல்ல. கவுன்ட்டர்ல யாரோ பிள்ளை அழுததுன்னு எடுத்துக் குடுத்துட்டாங்களாம், அது அப்படியே வீட்டுக்குப் போயிடுச்சு. நல்ல மனசுலதான் குடுத்திருக்காங்க. பையன் வந்தான், அலமாரி முன்னாடி நின்னான், நடுத்தட்டுல இடது பக்கம் அந்த வெத்து இடத்துல கையை வெச்சு முன்னும் பின்னும் தடவினான். "அது இங்க இருக்கும்னு நினைச்சே, காணோம்"னு மட்டும் சொன்னேன். அவன் அரிசி மூட்டை மேல ஏறி உக்காந்துட்டான். செஷன் முடியற வரைக்கும் இறங்கல.

அன்னிக்கு அந்த ரூம்ல குறைஞ்சது என்னோட ஸ்கில் இல்ல. மேல ஒருத்தர் இந்த அலமாரியை யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கணும், அன்பளிப்புப் பைக்கு வேற இடம் பாத்திருக்கணும். அது லீடரோட வேலை. நான் மெயில் போட்டேன், "இந்த ஒரு வாரம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க"ன்னு பதில் வந்துச்சு. சாவு வீட்டுல இருந்து வர்ற பிள்ளைகிட்ட ஒரு வாரம் அட்ஜஸ்ட் பண்ணிக்கன்னு எப்படிச் சொல்றது.

இப்ப எங்க இடத்துல நான் முடிவு எடுக்கற இடத்துல இருக்கறதால, அலமாரிக்குக் கதவும் பூட்டும் போட்டோம், ஒவ்வொரு தட்டையும் போட்டோ எடுத்து கதவு உள்பக்கம் ஒட்டியிருக்கோம், சுத்தம் பண்றவங்க வந்தாலும் பாத்துப் பாத்து அதே இடத்துல வெப்பாங்க. உடைஞ்சா அதே மாதிரி ஒண்ணு வாங்கி வெக்க தனி பணம் பட்ஜெட்ல எழுதியிருக்கு. அந்த ஒரு வரிக்காக நான் மீட்டிங்ல சண்டை போட்டேன். ப்ளே தெரபியில லீடர்ஷிப்னு நான் நம்பறது இதைத்தான்.

13 மார்ச்

நேத்து எழுதினதுக்கு ஒரு ஹோம் விசிட் பண்ற தம்பி பதில் போட்டிருக்கார்: "அக்கா, நான் ரெண்டு ரூம் வாடகை வீட்டுல, பாட்டி படுத்திருக்கற கட்டிலுக்குப் பக்கத்துல பண்றேன், எனக்கு ரூமே இல்ல, அப்ப நான் பண்றது தெரபி இல்லையா?"

தம்பி, தெரபிதான். நேத்து கோவத்துல ரூம் ரூம்னு எழுதினதை இப்ப திருத்திக்கறேன். லாண்ட்ரெத்தே ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போற அளவுக்கு சாமான் லிஸ்ட் குடுத்திருக்கார். மாறாம இருக்க வேண்டியது சுவர் இல்ல. அதே பாய், அதே சாமான், அதே மாதிரி பரப்பி வெக்கறது, அதே கிழமை அதே மணி, முடியறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி "இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு"ன்னு சொல்றது. ஆனா இதுக்கும் உங்க மேலதிகாரிதான் வேணும், வேற கேஸ் வந்துச்சு இந்த வாரம் வியாழனை வெள்ளிக்கு மாத்துன்னு சொல்லாம இருக்க.

13 மார்ச், சாமான் பத்தி

பேச்சு அந்தப் பக்கம் போனதால. ரெடிமேட் கிட் வாங்கினா எல்லாம் வெள்ளைக்காரக் குடும்பம், மாடி வீடு, பண்ணை. நம்ம பிள்ளைங்க அதுலயும் விளையாடும், ஆனா நான் மெதுவா மாத்தினேன். மாநிறத்துல அம்மா அப்பா பொம்மை, தாத்தா பாட்டி தனியா, தலைக்கு துணி கட்டின பொம்மை, வேலைக்கு இருக்கற அக்காவா எடுத்துக்கற மாதிரி ஒண்ணு. தேக்காவுல (லிட்டில் இந்தியா) கிடைக்கற குட்டி எவர்சில்வர் சொப்பு சாமான் செம ஓட்டம், தமிழ், மலாய், சீனப் பிள்ளைங்க எல்லாருமே முதல்ல அதைத்தான் எடுக்குதுங்க. எம்ஆர்டி ரயில். பச்சை சட்டை ராணுவ பொம்மை, அண்ணன் என்எஸ் (கட்டாய ராணுவ சேவை) போயிருந்தா அது அண்ணன். உணவங்காடி ட்ரே ரெண்டு. ஒரு பிள்ளை என்னை வாடிக்கையாளரா உக்கார வெச்சு, நான் எது கேட்டாலும் "முடிஞ்சு போச்சு"ன்னு சொல்லிட்டே இருந்துச்சு, முழு செஷனும், எனக்கு ஒரு டம்ளர் தண்ணிகூட தரல. அவ்ளோ சந்தோஷம் அதுக்கு முகத்துல. வீட்டுல எல்லாத்துக்கும் அதுக்குத்தான் "இல்ல"ன்னு பதில் வரும், இங்க அது சொல்லுது.

மணல் தட்டு வாங்கினா உள்ள நீலம் பூசினது வாங்குங்க, மணலைத் தள்ளினா தண்ணி மாதிரி தெரியணும். லண்டன்ல மார்கரெட் லோவன்ஃபெல்ட் ஆரம்பிச்சது இந்த மணல் முறை, 1929ல. ராத்திரி மூடி போட்டு வைங்க, நம்ம ஊர் ஈரத்துக்கு மணல் கட்டி கட்டியா ஆயிடும்.

16 மார்ச்

"ரூமைப் பூட்டறதுக்கு எதுக்கு லீடர்ஷிப் கோர்ஸ், அட்மின் போதுமே." சரி, இன்னும் ஆழமா போறேன்.

டொனால்ட் வின்னிகாட் பிள்ளைங்க டாக்டர், அப்புறம் சைக்கோ அனலிஸ்ட். அம்மா பிள்ளையைத் தாங்கிப் பிடிக்கற சூழல்னு ஒண்ணு சொன்னார். பிள்ளை உடைஞ்சு போகாம கோவப்படலாம், பயப்படலாம், ஏன்னா சுத்தி ஒருத்தர் அசையாம இருக்காங்க. அதே சொல்லை ஹார்வர்ட்ல லீடர்ஷிப் சொல்லித் தந்த ரானல்ட் ஹைஃபெட்ஸ் 1990கள்ல எடுத்துக்கிட்டார். லீடரோட வேலை பதில் சொல்றது இல்ல, பதில் தெரியாத நேரத்துல ஆளுங்க ஓடாம வேலை பாக்கற அளவுக்கு ஒரு சூழலைத் தாங்கிப் பிடிக்கறதுன்னு சொல்றார். அதனால செங்காங் டீச்சர் கேட்ட "ரெண்டும் ரெண்டு விஷயம்தானே"க்கு என் பதில், வேர் ஒண்ணுதான்.

இன்னொண்ணு. ஹரால்ட் சியர்ல்ஸ் 1955ல கவனிச்சு எழுதினது: தெரபிஸ்டுக்கும் வந்தவருக்கும் நடுவுல நடக்கறது, தெரபிஸ்டுக்கும் சூப்பர்வைசருக்கும் நடுவுல திரும்ப நடக்கும். இதை நான் கண்ணால பாத்திருக்கேன். எங்க டீம்ல ஒரு பொண்ணு, நல்லா பண்றவ, செஷன் முடிஞ்சு என் ரூமுக்கு வருவா, சட்டைக் கையில மணல் ஒட்டியிருக்கும், உக்காராமலே "சீக்கிரம் சொல்லுங்கக்கா, நான் என்ன பண்ணணும், இப்பவே சொல்லுங்க"ம்பா. வேற பிள்ளைங்களைப் பத்திப் பேசும்போது அப்படி இல்ல, அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும். அந்தப் பிள்ளை ரூம்ல என்ன பண்ணுதுன்னு பாத்தா, ஒவ்வொண்ணுக்கும் "இதை எங்க வெக்க, நீங்க சொல்லுங்க, நீங்க சொல்லுங்க"ன்னு அவ காலைச் சுத்தி வருது. நான் பதில் சொல்லியிருந்தா அவ போய் பிள்ளைக்கு பதில் சொல்லியிருப்பா. நான் சொல்லல. "உனக்கு இப்பவே தெரிஞ்சாகணும் போல இருக்கு"ன்னேன். அவ உக்காந்தா. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "அந்தப் பிள்ளைக்கும் இப்படித்தான் இருக்கும் இல்லக்கா"ன்னா. அடுத்த வாரம் பிள்ளை கேட்டப்போ "நீ முடிவு பண்ணலாம்"னு சொல்ல அவளுக்குக் குரல் வந்துச்சு.

அட்மினால இது முடியாது. இதைச் சொல்லித் தர்ற லீடர்ஷிப் பாடமா இருந்தா காசு கட்டுங்க. குழுவை ஊக்குவிப்பது எப்படி, இலக்கு போடுவது எப்படின்னு இருந்தா அது எந்த ஆபீஸுக்கும் பொருந்தற பாடம், தப்பு இல்ல, ஆனா ப்ளே தெரபி பேரைச் சொல்லி அதுக்கு விலை ஏத்தக் கூடாது.

17 மார்ச்

சூப்பர்விஷன் பத்தி மட்டும் இன்னும் கொஞ்சம், ஏன்னா நம்ம ஊர்ல இங்கதான் ஓட்டை.

ஆல்ஃப்ரெட் கடுஷின் சூப்பர்விஷனை மூணா பிரிச்சார், நிர்வாகம், கல்வி, ஆதரவு. நிறைய இடத்துல நடக்கறது முதல் ஒண்ணு மட்டும். எத்தனை கேஸ் க்ளோஸ் ஆச்சு, ரிப்போர்ட் எங்க, லீவு எப்போ. அதை முடிச்சுட்டு சூப்பர்விஷன் குடுத்தாச்சுன்னு ஃபார்ம்ல டிக் போடறாங்க. உங்க அப்ரைசல் எழுதறவர்கிட்டயே போய் "நேத்து அந்தப் பிள்ளை மேல எனக்கு வெறுப்பு வந்துச்சு"ன்னு யார் சொல்வா? சொல்லாம விட்டா அந்த வெறுப்பு ரூமுக்குள்ளயே இருக்கும், பிள்ளைக்குத் தெரியும். அதனால லைன் மேனேஜர் வேற, கிளினிக்கல் சூப்பர்வைசர் வேறயா இருக்கணும். சின்ன இடத்துல ஆள் இல்லன்னா வெளிய இருந்து காசு குடுத்து எடுக்கணும். நான் என் டீமுக்கு லைன் மேனேஜர், அதனால ஆழமான கேஸுக்கு அவங்க வெளிய ஒருத்தர்கிட்ட போறாங்க, அந்த மணி நேரம் வேலை நேரமாவே கணக்கு. மேல எழுதின பொண்ணுகூட இப்ப அங்கதான் போறா, எனக்கு அது நிம்மதியா இருக்கு.

வீடியோ எடுத்து சூப்பர்விஷனுக்குக் காட்டறதுக்கு பெத்தவங்ககிட்ட எழுத்துல சம்மதம் வாங்கணும், எங்க சேமிப்பீங்க, எப்போ அழிப்பீங்கன்னு சொல்லணும். போன்ல எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பறதைப் பாத்திருக்கேன், தயவு செஞ்சு வேணாம்.

20 மார்ச்

காசு. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் (கோர்ஸ் படிக்க அரசாங்கம் குடுக்கற காசு) பத்தி மூணு பேர் கேட்டிருக்காங்க. 25 வயசு ஆனவங்களுக்கு முதல்ல வந்த 500 வெள்ளி இருக்கும், 40 வயசு ஆனவங்களுக்கு 2024 மே மாசம் 4,000 வெள்ளி போட்டாங்க. ஆனா அந்த 4,000 எல்லா கோர்ஸுக்கும் போகாது, அவங்க லிஸ்ட்ல இருக்கணும், போர்ட்டல்ல கோர்ஸ் பேரைத் தட்டிப் பாத்துட்டு அப்புறம் சைன் பண்ணுங்க. நடத்தறவங்க வாயால சொன்னதை நம்பி பண்ணாதீங்க.

அப்புறம் சென்டர் பாதிக் காசு போடுதுன்னா பாண்ட் (முடிச்சதும் அங்கயே வேலை பாக்கணும்ங்கற ஒப்பந்தம்) இருக்கான்னு பாருங்க, எத்தனை வருஷம்னு. அந்த வருஷத்துல சூப்பர்விஷனுக்கு யார் காசு குடுப்பாங்கன்னும் அதே பேப்பர்ல எழுதி வாங்குங்க. கோர்ஸ் காசு ஒரு தடவை, சூப்பர்விஷன் காசு மாசா மாசம், கணக்கு போட்டா ரெண்டாவதுதான் ஜாஸ்தியா வரும், அதைப் பத்தி யாரும் முதல்ல பேச மாட்டாங்க.

21 மார்ச்

செங்காங் டீச்சர் திரும்ப வந்து எழுதினதைப் படிச்சேன்: ப்ரோஷர்ல சூப்பர்விஷன் ஒரு வரிகூட இல்ல, கோர்ஸ் நாலு வார இறுதி, ரூம் இப்ப ஸ்டோர் ரூமா இருக்கறதைக் காலி பண்ணித் தர்றாங்களாம், பிரின்சிபால் நல்லவங்க, கேட்டா கேப்பாங்க.

பிரின்சிபால் கேக்கறவங்கன்னா உங்ககிட்ட பாதி இருக்கு. வேணாம்னு சொல்லிட்டு வந்துடாதீங்க. அந்தக் காசுல டீச்சர்களுக்கான ட்ரெய்னிங்குக்கு உங்களையும் இன்னும் ரெண்டு டீச்சரையும் அனுப்பச் சொல்லுங்க, அதையே கிளாஸ்ல பண்ணுங்க. தெரபி தேவைப்படற பிள்ளைக்கு வெளிய இருந்து தகுதியான ஒருத்தர் வாரம் ஒரு நாள் வரட்டும், அந்த ஸ்டோர் ரூமை அவங்களுக்காக நீங்க பாத்துக்குங்க. சாவி உங்ககிட்ட இருக்கட்டும். செஷன் நடக்கும்போது நடுவுல கதவைத் தட்டக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்ற ஆள் நீங்களா இருங்க, அம்மாக்கள் வந்து "உள்ள என்ன சொன்னான்"னு கேக்கும்போது தெரபிஸ்டுக்கு முன்னாடி நின்னு பதில் சொல்ற ஆளும் நீங்களா இருங்க. உங்களுக்கே தெரபிஸ்ட் ஆகணும்னு உள்ள இருந்து ஆசை இருந்தா அது வேற பாதை, கவுன்சலிங் மாஸ்டர்ஸ்ல இருந்து ஆரம்பிக்கணும், வருஷங்கள் ஆகும், நான் தடுக்க மாட்டேன், ரொம்ப நல்ல வேலை இது.

பிரின்சிபாலைப் பாக்கப் போகும்போது இந்தக் கேள்வியையும் எடுத்துட்டுப் போங்க: டிசம்பர்ல கான்சர்ட் சாமான் எல்லாம் எந்த ரூம்ல வைக்கப் போறாங்க? அதுக்கு என்ன பதில் வருதுன்னு இங்க போடுங்க, வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து பாக்கறேன்.